உத்தேச இறப்பு நாள்: வெள்ளி

போன் அடித்தால் பாவாடை எழுந்து சட்டையைப் போடுவார். அவர் மனைவி சின்னப்பொண்ணு கொண்டையை அவிழ்ப்பாள். ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஓட்டு வீட்டில் பதினைந்து நாளாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

காரணம் இருந்தது. குன்னத்தில் பாவாடையின் தங்கை ஆண்டாயி சாகக் கிடந்தாள். வயிற்றில் கட்டி. திருச்சி வரைக்கும் கொண்டுபோய்க் காட்டி, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்தாமல் ஒரு பெண்ணின் உடலை அந்தப் பக்கத்தில் எடுக்க மாட்டார்கள். ஆண்டாயி கேட்டதும் அது ஒன்றைத்தான். "அண்ணே, கண்டவன் துணியும் எம்மேல விழக் கூடாது. நீ வந்து போடணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பாவாடையும் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆண்டாயியின் மகன் அறிவரசன், "நீங்க வூட்டுல இருங்க மாமா, ஒண்ணுன்னா ஒடனே போன் அடிக்கிறேன்" என்று அனுப்பிவைத்தான்.

ஆகவே போன் அடித்தால் அது ஆண்டாயியின் சாவாகத்தான் இருக்க வேண்டும். அறிவரசன் எந்த போனில் சார்ஜ் இருக்கிறதோ அந்த போனில் பேசுகிறவன். எந்த நம்பராக இருந்தாலும் எடுத்தே ஆக வேண்டும். சிக்னல் ஜன்னலோரம் மட்டும் கிடைத்ததால், போனை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பாவாடை சட்டையோடு ஓடிப்போய் எடுப்பார்.

"வணக்கம், பாவாடை மேடம் இருக்காங்களா?"

"நாந்தாம்மா பாவாடை."

"சார், மேடம்கிட்ட குடுங்க சார். நான் மஞ்சு பேசுறேன். மேடம் பேருக்குப் பத்து லட்சம் பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிருக்கு."

குலசாமி பாவாடைராயன் பெயரை வைத்த பாவத்துக்கு, அறுபத்து மூன்று வயதில் அவர் தினமும் ஐந்தாறு முறை மேடமாக வேண்டியிருந்தது. மஞ்சு ஓய்ந்தால் கிரெடிட் கார்டு. அது ஓய்ந்தால் முடி உதிராமல் இருக்க எண்ணெய். ஒரே நாளில் பதினான்கு முறை சட்டையைப் போட்டுக் கழற்றியதில் காஜா கிழிந்தது.

சின்னப்பொண்ணு காஜாவைப் பற்றிக் கவலைப்படவில்லை. "ஏங்க, அவுத்த முடிய முடியறதுக்குள்ள அடுத்தது அடிக்குது. தெம்பெல்லாம் லோன்காரனுக்கே போயிடுச்சுன்னா, நாளைக்கு உங்க தங்கச்சிக்கு என்னத்த வச்சு அழுவறது?" என்றாள்.

பாவாடை யோசித்தார். முப்பத்தோரு வருஷம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடிக்கு முன்னால் சங்கு ஊதியவர் அவர். மூன்று சங்கு, ஒரு சிவப்புக் கொடி, அப்புறம்தான் வெடி. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு ஆடுகூடச் சாகவில்லை. முறைப்படி செய்தால் யாருக்கும் எதுவும் ஆகாது என்பதுதான் அவர் வாழ்க்கையில் கற்றுக்கொண்ட ஒரே விஷயம். அதனால், பஸ்ஸின் முதுகில் 'ஒரே படிவம், நிரந்தர நிம்மதி: தொல்லை அழைப்புத் தணிப்பு வாரியம், பெரம்பலூர்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், அடுத்த திங்கட்கிழமையே, ஜன்னல் காவலுக்கு மனைவியை வைத்துவிட்டு, பஸ் ஏறிவிட்டார்.

வாரியம் இரண்டாவது மாடியில் இருந்தது. பதினெட்டு மேஜைகளில் பதினெட்டு போன்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. யாரும் எடுக்கவில்லை.

"அடிக்குதேம்மா" என்றார் பாவாடை, முன் மேஜையில் இருந்த தேவயானியிடம்.

"எடுத்தா லோன் வேணுமாங்குறான்" என்றாள் தேவயானி. "உங்களுக்கு என்ன?"

அவர் சொன்னார். அவள் அவரைத் தணிப்பு அலுவலர் வேணுகோபாலின் அறைக்கு அழைத்துப் போனாள். வேணுகோபால் சந்தனப் பொட்டும் சால்வையுமாக உட்கார்ந்திருந்தார். அன்று காலை அவருக்கு யாரோ சால்வை போர்த்தியிருந்தார்கள். எதற்கு என்று அவருக்கே ஞாபகமில்லை.

"உக்காருங்க பெரியவரே. இந்த வாரியம் வர்றதுக்கு முன்னால, பெரம்பலூர் அரியலூர் ரெண்டு மாவட்டத்துலயும் சேத்து ஒரு தொல்லை அழைப்புகூடப் பதிவானதில்ல. இன்னைக்கு மாசத்துக்கு நாலு லட்சம் பதிவாகுது. இது வளர்ச்சியா, இல்லையா?"

"அதுல எத்தன நின்னுச்சுங்க சார்?"

வேணுகோபால் வருத்தத்தோடு சிரித்தார். "நின்னுட்டா வாரியத்த மூடிடுவாங்க. இங்க பதினெட்டு குடும்பம் பொழைக்குது. அழைக்கிறவன நாங்க ஒண்ணும் பண்றதில்ல. அவனும் புள்ளகுட்டிக்காரன். அழைக்கப்படுறவரத்தான் ஒழுங்குபடுத்துறோம். உங்க நம்பருக்கு எந்த அழைப்பும் வராம பண்ணிடலாம். எது வேணும்னு மட்டும் சொல்லுங்க."

"ஒண்ணே ஒண்ணுதாங்க சார். எந்தங்கச்சி செத்த போனு."

தேவயானி தட்டச்சு செய்தாள். "ஒன்பதாம் வகை, துக்கம். இறப்புச் சான்றிதழ் நகல் குடுங்க."

"இன்னும் சாவலைங்கம்மா."

அவள் விரல்கள் நின்றன. "சார், ஆள் உயிரோட இருக்காங்களாம்."

"அப்ப விண்ணப்பம் முன்கூட்டியே வந்திருக்கு" என்றார் வேணுகோபால், கொஞ்சமும் அசராமல். "நல்ல பழக்கம். பொதுமக்கள் எல்லாரும் இப்படி இருந்தா எங்களுக்கு வேலை சுலபம். படிவம் ஒன்பது 'அ' குடும்மா. பெரியவரே, இறக்கப்போறவங்க எந்தத் தேதியில இறக்கப்போறாங்கன்னு எழுதி, அவங்க கைரேகையோட கொண்டாங்க. அந்தத் தேதியில வர்ற துக்க அழைப்பு தானா வந்துடும். வேற தேதின்னா கூப்புடுறவரு சான்றிதழ் எண்ண அழுத்தணும்."

"சார், படுத்துக் கெடக்குறவகிட்டப் போயி நான் எப்படி சார் தேதி கேக்குறது?"

"சொல்லுங்க, எங்க வேலை பாத்தீங்க?"

"சொரங்கத்துல. வெடிக்கு முன்னால சங்கு ஊதுறது."

"எத்தன மணிக்கு வெடின்னு தெரிஞ்சுக்காம ஊதுனீங்களா?"

அது பாவாடைக்கு நியாயமாகப் பட்டது. அறையை விட்டு வெளியே வந்த பிறகும் நியாயமாகவே பட்டது. குன்னத்துக்குப் போகும் பஸ்ஸில்தான், பக்கத்தில் இருந்தவர் பார்க்காதபடி படிவத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"பொம்பளன்னா வலது கட்ட வெரலு" என்று தேவயானி மாடிப்படி வரைக்கும் வந்து சொல்லி, மைப்பெட்டியும் கொடுத்தனுப்பியிருந்தாள். "சாயங்காலம் நாலு மணிக்குள்ள கொண்டாந்துடுங்க."

படிவத்தைப் பார்த்ததும் அறிவரசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மாமா இது எழவு? உசுரோட இருக்குற மனுசிக்கி..."

"கத்தாதடா" என்றாள் கயிற்றுக் கட்டிலில் கிடந்த ஆண்டாயி. எலும்பும் பார்வையும்தான் அவளிடம் மிச்சமிருந்தன. "மாமன் ஆபீசுக்குப் போயி வாங்கியாந்திருக்கு. படி, என்னதான் கேக்குறான்னு பாப்போம்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தான். "'இறக்கப்போகிறவர் பெயர்.'"

"எழுது."

"'இறப்பின் நோக்கம்.'"

"உங்கப்பன பாக்கப் போறேன்னு எழுது. வேணாம் வேணாம், அந்தாளு அங்கயும் குடிச்சுப்புட்டுக் கெடப்பான். சும்மான்னு எழுது."

"'உத்தேச இறப்பு நாள், நேரம்.'"

ஆண்டாயி கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். "இன்னைக்கு திங்க. வியாழக்கெழம சோளம் அடிக்க மிசினு வருது. அன்னைக்கு வேணாம், ஆளுவளுக்கு சிரமம். வெள்ளின்னு போடு. காலையில. அண்ணனுக்கு பஸ்ஸு இருக்கும்."

பாவாடை அவள் விரலை மையில் தோய்த்து வைத்தார். அது சோளத்தட்டை மாதிரி இருந்தது.

"நல்லா அழுத்து அண்ணே" என்றாள். "பாதி வெரலுதான் விழுந்திருக்கு. தள்ளுபடின்னுட்டான்னா நீ மறுபடி அலையணும்."

நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பாவாடை படிவத்தைக் கொடுத்தார். வேணுகோபால் கைரேகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முத்திரை குத்தி, எழுந்து நின்று கைகொடுத்தார். "வாழ்த்துகள். நாளை மதியத்துலேர்ந்து உங்க போன் அமைதியா இருக்கும். கள ஆய்வுக்கு ஆள் வருவாங்க. அதுவரைக்கும் மூணு நாளு வீட்ட விட்டு நகரக் கூடாது. நீங்க இல்லன்னா விண்ணப்பம் ரத்து."

வீட்டுக்கு வந்தபோது சின்னப்பொண்ணு தலைவிரி கோலமாக ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, ஆண்டாயி போயிட்டாளா, இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க."

"இருக்கா. இப்பதான் பாத்துட்டு வரேன்."

"அப்புறம் என்னங்க? அஞ்சு மணியிலேர்ந்து ஏழு பேரு பேசிட்டான். ஐஸ் பெட்டி வேணுமாங்குறான், சொர்க்க ரதம் வேணுமாங்குறான். ஒருத்தி, ஒப்பாரிக்கு ஆளு அனுப்பவான்னு கேக்குறா. ஏண்டி, எனக்கு அழத் தெரியாதான்னு கேட்டு வச்சுட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி, வெள்ளிக்கெழமதானேன்னு கேக்குறானுவ. யாருங்க சொன்னது?"

பாவாடைக்குப் புரியவில்லை. முத்திரை குத்திய மை காய்வதற்குள் அந்தத் தேதி எப்படி ஏழு கம்பெனிக்குப் போனது என்று அவர் யோசிக்கவும் இல்லை. முறைப்படி கொடுத்திருந்தார்.

செவ்வாய் மதியம் போன் நின்றது.

ஒரு மணி நேரம் அவர்களால் நம்ப முடியவில்லை. மாலையில் சின்னப்பொண்ணு பதினைந்து நாளுக்குப் பிறகு தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டாள். அவளே காஜாவையும் தைத்துக் கொடுத்தாள். புதன்கிழமையும் சத்தமில்லை. "ஆபீசுன்னா இதான் ஆபீசு" என்றார் பாவாடை. கள ஆய்வுக்கு யாரும் வரவில்லை. ஆனாலும் அவர் வாசலைத் தாண்டவில்லை. கக்கூசுக்குப் போனால்கூட மனைவியை வாசலில் நிற்கவைத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை, 'இந்நேரம் குன்னத்துல சோளம் அடிச்சுக்கிட்டு இருப்பாங்க' என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்குப் போன் அடித்தது.

அவர் சட்டையைப் போட்டார். சின்னப்பொண்ணு பின்னலை அவிழ்த்தாள். சொன்ன நாள், சொன்ன நேரம். ஆண்டாயி எப்போதும் அப்படித்தான் என்று ஒரு கணம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"வணக்கம் பாவாடை சார், மஞ்சு பேசுறேன்."

"எந்த மஞ்சு? லோனா?"

"இல்ல சார், கம்பெனி மாறிட்டேன். இது இறுதிச் சேவை. துக்க வகையில நாங்க பதிவு பண்ணியிருக்கோம், அதான் இன்னைக்கு லைன் கெடைச்சுது. புதன்கிழமை குன்னத்துல உங்க தங்கச்சிக்கு நம்ம பெட்டி குடுத்திருந்தோம். கூலிங் எப்படி இருந்துச்சு சார்?"

பாவாடை ஜன்னல் கம்பியோடு காதை ஒட்டிவைத்தார்.

"ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொன்னா போதும் சார்."

"எந்தப் புதங்கெழம?"

"முந்தாநேத்து சார். அண்ணன் கோடியும் பேக்கேஜ்லயே சேத்துதான் குடுத்தோம். துணி தரம் ஓகேவா சார்? சார்? சரி, நான் மூணுன்னு போட்டுக்கறேன். நன்றி சார்."

வழியில் அரியலூர்க் கடைவீதியில் இறங்கி, அரக்கு நிறத்தில் ஒரு புடவை எடுத்துக்கொண்டுதான் அவர் குன்னம் போய்ச் சேர்ந்தார். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மொட்டைத் தலையோடு அறிவரசன் வாசலில் நின்றான். வாங்க என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் வாங்க என்று சொல்லும் வழக்கமில்லை. வழக்கம் இருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

"எட்டு தடவ அடிச்சேன் மாமா. ஒவ்வொரு தடவையும் ஒரு பொம்பள வந்து, 'பாவாடை அவர்கள் உங்கள் அழைப்பை விரும்பவில்லை, காரணத்தைச் சொல்லவும்'னா. சொன்னேன். 'இறப்புச் சான்றிதழ் எண்ணை அழுத்தவும்'னா. பொணம் கூடத்துல கெடக்குது, நம்பருக்கு நான் எங்க போவேன்?"

"ஒரு ஆள அனுப்பியிருக்கலாமேப்பா."

"எதுக்கு? எந்தாய் சாவு வேணாம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு அந்தப் பொம்பள சொல்றா. அப்புறம் ஆளு வேறயா?" அவன் குரல் உடைந்தது. "பொழுது சாயுற வரைக்கும் வச்சிருந்தோம். கோடி இல்லாம எடுக்க மாட்டோம்னு பொம்பளைங்க ஒக்காந்துட்டாங்க. பெட்டிக்காரன் திங்கக்கெழமலேர்ந்தே டீக்கடையில காத்துக்கெடந்தான். அவனே பையத் தொறந்து ஒண்ண எடுத்தான். 'இதுவும் பேக்கேஜ்ல இருக்கு. அண்ணனுக்குப் பதிலா நாங்களே போர்த்திடுவோம்'னான். போர்த்துனான்."

"போன் அடிக்கவே இல்லப்பா. சத்தியமா அடிக்கல."

"நான் பொய் சொல்றேங்குறீங்க."

பாவாடை புடவைப் பையோடு மறுபடியும் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினார். பதினெட்டு போன்களும் அடித்துக்கொண்டிருந்தன. வேணுகோபால் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"ஒரு தொல்லை அழைப்பாவது வந்துச்சா?"

"எந்தங்கச்சி சாவும் வரலைங்க சார்."

"யார் சொன்னது? வந்துச்சு!" கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "எட்டு அழைப்பு. ஒண்ணுகூட வீணாகல. காரணம் சொன்ன பேச்சு அத்தனையும் பத்திரமா நிறுத்தி வச்சிருக்கோம். உங்க தங்கச்சி வெள்ளின்னு கைரேகை வச்சுட்டு புதன்ல இறந்திருக்காங்க. தவறான தகவல். நடவடிக்கை எடுக்க சட்டத்துல எடமிருக்கு. எடுக்கல. இறந்தவங்கன்னு ஒரு மனிதாபிமானம்."

பாவாடை கைகளைக் கூப்பினார். "அந்தப் பேச்சக் கேக்கணுங்க சார். எம்மருமவன் கூப்புட்டது எனக்கு வந்ததுன்னு இருக்கட்டும்."

"தாராளமா. சான்றிதழ் கொண்டாங்க, ஒண்ணொண்ணா விடுறோம்."

"கடைசியா வந்ததுதான் மொதல்ல வரும்" என்றாள் தேவயானி. "ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கோம்ல. மேல இருக்குறதத்தான் மொதல்ல எடுப்போம். அதான் இங்க முறை."

பதினாறாம் நாள் காரியம் பாவாடை இல்லாமலே நடந்தது. அதற்கு மறுவாரம் சான்றிதழ் வந்தது. அறிவரசன் ஒரு நகலை வாசற்படிக்கு வெளியே வைத்தே கொடுத்தான். பாவாடை அதை வாரியத்தில் கட்டிவிட்டு வந்த மறுநாள் காலை, ஜன்னலில் போன் அடித்தது. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு எடுத்தார். சின்னப்பொண்ணு பக்கத்தில் வந்து நின்றாள்.

"நிலுவை அழைப்பு, எட்டு" என்றது ஒரு பெண் குரல். அப்புறம் அறிவரசன்.

"மண்ணு தள்ளியாச்சு மாமா. இனிமே இந்த வூட்டுப் படி ஏறாதீங்க."

அறுந்தது. மறுபடி அடித்தது. நிலுவை அழைப்பு, ஏழு.

"மாமா, எவனோ பெட்டிக்காரன் கோடி போர்த்துறேங்குறான். பொம்பளைங்க என்னையப் பாக்குறாங்க. என்ன சொல்லட்டும்? சொல்லுங்க மாமா."

ஆறாவதில் பேச்சே இல்லை, மேளச் சத்தம் மட்டும். ஐந்தாவதில், "மணி மூணாச்சு, எங்க வந்துக்கிட்டிருக்கீங்க?" என்றான். நான்காவதில், "உங்களுக்காகத்தான் வச்சிருக்கோம்." மூன்றாவதில், அந்தப் பெண் குரலிடம், "ஏம்மா, அவரு அப்படிச் சொல்ற ஆளு இல்லம்மா, லைன குடு" என்று கெஞ்சினான். இரண்டாவதில் அவன் குரல் குழந்தையுடையது மாதிரி இருந்தது.

"மாமா... அம்மா போயிடுச்சு மாமா. கெளம்பி வாங்க."

சின்னப்பொண்ணு கொண்டையை அவிழ்த்தாள். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அவிழ்த்து அழுதாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் வெளியே வந்து, யார் வீட்டில், எப்போது என்று விசாரித்தார்கள்.

அழுகைக்கு நடுவே போன் மறுபடி அடித்தது. நிலுவை அழைப்பு, ஒன்று. செவ்வாய்க்கிழமை மாலை, ஐந்து நாற்பது.

"மாமா, அம்மா உங்ககிட்டப் பேசணுங்குது. இந்தா குடுக்குறேன்."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் ஆண்டாயி பேசினாள்.

"அண்ணே, வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்காது போலருக்கு. நீ போயி அந்தத் தேதிய மாத்தி எழுதிடு. வெரலு வேணும்னா வந்து எடுத்துக்க. இன்னும் அசையுது."

சின்னப்பொண்ணு அழுகையை நிறுத்தினாள். போன் அணைந்தது.

பாவாடை, தைத்த காஜாவில் கடைசிப் பொத்தானை மாட்டினார். ஆணியில் தொங்கிய புடவைப் பையை எடுத்துக்கொண்டார். மைப்பெட்டி உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் சின்னப்பொண்ணு.

"பெரம்பலூருக்குத்தான்" என்றார். "நாலு மணிக்குள்ள போவணும். தேதிய மாத்தணும்."